வீடு தேடி வந்த கணக்கும் நாம் தேடிப் போகாத கிளினிக்கும்

வியாபாரம் செய்கிறவர்களுக்கு இருப்புக் கணக்கின் அருமையை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. எத்தனை மூட்டை அரிசி வந்தது, எது விற்றது, எது பூச்சி விழுந்து வீணாயிற்று என்று தெரியாமல் கடை நடத்துகிறவர் சீக்கிரத்தில் கதவைச் சாத்த வேண்டியவரே. ஓர் ஊர் ஜனங்களின் ஆரோக்கியத்துக்கும் அப்படி ஓர் இருப்புக் கணக்கு உண்டா என்று நம்மில் பலர் யோசித்திருக்க மாட்டோம். நமது சிகாமட் ஜில்லாவிலேயே அக்கணக்கு எடுக்கப்பட்டிருக்கிறது. அதுவே இவ்விதழில் நாம் எடுத்துக்கொள்ளும் பாடம்.

2011ஆம் ஆண்டில் மோனாஷ் பல்கலைக்கழகத்தின் மலேசியக் கிளை, தென்கிழக்காசிய சமூகக் கண்காணிப்பகம் என்ற ஓர் ஆய்வு அமைப்பைச் சிகாமட்டில் நிறுவியது. ‘சீக்கோ’ என்பது அதன் சுருக்கப் பெயர். பெக்கோக், சாஆ, கெமரே, ஜாபி, சுங்கை சிகாமட் ஆகிய ஐந்து முக்கிம்களில் வீடு வீடாகச் சென்று, ஏறக்குறைய 40 ஆயிரம் பேரைப் பற்றிய விவரங்களைச் சேகரித்தார்கள். யார் பிறந்தார், யார் மௌத்தானார், யார் பிழைப்புக்காக வெளியூர் போனார் என்று கேட்டுக் குறித்தார்கள். மலாய்க்காரர், சீனர், இந்தியர், பூர்வகுடியினர் எல்லாரும் அக்கணக்கில் உண்டு. வீட்டுத் திண்ணையிலேயே இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் அளந்து பார்த்தார்கள்.

இதில் என்ன விசேஷம் என்று சகோதரர்கள் கேட்கலாம். ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் வந்தவர் பெயர் மட்டுமே இருக்கும். வராதவர் பெயர் இராது. நோய் இருந்தும் வராமல் இருக்கிறவர் எத்தனை பேர், அவர் ஏன் வரவில்லை என்பதை ஆஸ்பத்திரியில் உட்கார்ந்துகொண்டு அறிய முடியாது. கடனைத் திருப்பித் தராதவரை நாம் கல்லாவில் உட்கார்ந்தா கண்டுபிடிக்கிறோம்?

முன்காலத்தில் தூரமே பெரிய தடையாக இருந்தது. 1957இல், சுதந்திரம் கிடைத்த ஆண்டில், மலாயாவில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் சுமார் 75 குழந்தைகள் ஒரு வயது நிறையுமுன் இறந்துபோயின. அக்காலத்தில் கொண்டுவரப்பட்ட கிராம சுகாதாரத் திட்டத்தில், 50 ஆயிரம் பேருக்கு ஒரு பெரிய சுகாதார நிலையம், 10 ஆயிரம் பேருக்கு ஒரு துணை நிலையம், 2 ஆயிரம் பேருக்கு ஒரு மருத்துவிச்சியும் அவர் குடியிருக்க வீடும் என்று வகுத்தார்கள். மருத்துவிச்சி அந்தக் கம்பத்திலேயே குடியிருந்தார் என்பதுதான் அத்திட்டத்தின் சூட்சுமம். நடுராத்திரியில் கதவைத் தட்டினால் எழுந்து வர ஓர் ஆள் இருந்தார். பின்னர் 1970களில் இம்மூன்றடுக்கை இரண்டடுக்காக மாற்றி, கிராமக் கிளினிக்குகளையும் சுகாதாரக் கிளினிக்குகளையும் ஏற்படுத்தினார்கள்.

ஆனால் தோட்டப்புறத்துத் தமிழர்களுக்கு இந்த நன்மை முழுதும் எட்டவில்லை. தோட்டம் தனியார் நிலம். வைத்தியம் பார்ப்பது தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பு என்று சட்டம் சொல்லிற்று. நல்ல நிர்வாகம் நல்ல ஆஸ்பத்திரி வைத்தது; மற்றவை ஒரு டிரஸ்ஸரையும் நான்கு மருந்துப் புட்டிகளையும் வைத்துக் காலம் தள்ளின. தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது அதுவும் போயிற்று. அங்கிருந்து பட்டணங்களுக்குக் குடிவந்தவர்களின் பிள்ளைகளில் பலர் இன்று நம் கடைகளின் வாடிக்கையாளர்கள்.

ஏழையின் வீட்டுக்கு வைத்தியம் போனால் அது மட்டமான வைத்தியமாகத்தான் இருக்கும் என்று எண்ணுகிறவர்கள் உண்டு. அதற்குப் பதில் நம் தாயகத்திலேயே கிடைத்தது. 1956இல் சென்னையில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், சென்னை அரசாங்கம், உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகியவை கூடிக் காசநோய்க்கு ஓர் ஆய்வு நிலையம் தொடங்கின. வாலஸ் ஃபாக்ஸ் என்ற டாக்டர் அதற்குத் தலைமை வகித்தார். காசநோய் என்றால் சானடோரியத்தில் படுக்க வைத்து, நல்ல ஆகாரமும் ஓய்வும் கொடுக்க வேண்டும் என்பது அக்காலத்துக் கொள்கை. படுக்கைகளோ மிகச் சொற்பம். ஆகவே நோயாளிகளில் ஒரு பாதியைச் சானடோரியத்திலும், மறுபாதியைச் சென்னையின் நெருக்கடியான குடிசை வீடுகளிலும் வைத்து, இருசாராருக்கும் ஒரே மருந்தை ஓராண்டு கொடுத்தார்கள். முடிவு 1959இல் வெளியாயிற்று. போதிய ஆகாரமின்றி வீட்டில் இருந்தவர்களும் சானடோரியத்தில் இருந்தவர்களைப் போலவே குணமடைந்தார்கள். வீட்டாருக்கு நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. உலகமெங்கும் காசநோய் வைத்தியம் மாறியதற்கு இந்த ஆய்வு ஒரு முக்கிய காரணம்.

வியாபாரிகளுக்கு இதில் பிடிக்கக்கூடிய ஒரு சங்கதி உண்டு. இருமல் நின்றதும் நோயாளி மருந்தை நிறுத்திவிடுவார் என்று அந்த டாக்டர்களுக்குத் தெரியும். ஆகவே முன்னறிவிப்பின்றி வீட்டுக்குப் போய் மீதி மாத்திரைகளை எண்ணினார்கள். இருப்பு சரிபார்த்தார்கள் என்றே சொல்லலாம்.

இப்போது நம் வீட்டுக் கணக்குக்கு வருவோம். இன்று சிகாமட்டில் கிளினிக் தூரத்தில் இல்லை. அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான் கட்டணம், மருந்தும் அதற்குள் அடக்கம். இருந்தும் 2019இல் நடந்த தேசிய சுகாதார ஆய்வு, பெரியவர்களில் நூற்றுக்கு 18.3 பேருக்கு நீரிழிவு இருப்பதாகக் கண்டது. இந்தியர்களில் நூற்றுக்கு 31.4 பேர். அன்றியும், நாட்டில் நோயுள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத் தமக்கு அந்நோய் இருப்பதே தெரியாது. சர்க்கரை ஆரம்பத்தில் வலிப்பதில்லை. வலிக்காத நோய்க்கு யார் கடையை விட்டுப் போவார்?

நமக்குத் தெரிந்த ஒரு சாப்பாட்டுக் கடையில், ராமநாதபுரம் பக்கத்துச் சகோதரர் ஒருவர் பல வருஷங்கள் ரொட்டி போட்டுக்கொண்டிருந்தார். காலை ஐந்து மணி முதல் நின்றபடி வேலை. களைத்தால் கெட்டிப்பால் ஊற்றிய தேத்தண்ணீர், நாளொன்றுக்கு ஏழெட்டு கிளாஸ். செருப்புக் கடித்துக் கால்விரலில் புண் வந்தது. நரம்பு உணர்விழந்திருந்ததால் அவருக்கு அது வலிக்கவில்லை. மஞ்சள் பூசிக்கொண்டு மூன்று வாரம் நின்றார். “நானா, ஒரு நாள் கிளினிக்குப் போய் வரட்டுமா?” என்று முதலாளியைக் கேட்டதற்கு, “வெள்ளிக்கிழமை கூட்டம் கழியட்டும், தம்பி” என்று பதில் கிடைத்தது. வெள்ளிக்கிழமை வாராவாரம் வந்தது. கடைசியில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். வெளிநாட்டவர் என்பதால் கட்டணமும் அதிகம். அந்த முதலாளி கல்நெஞ்சர் அல்லர். ஆஸ்பத்திரிச் செலவு முழுவதையும் அவரே கட்டினார். அப்படி “கழியட்டும்” என்று நாமும் சொல்லியிருக்கிறோம். ஆகையால் அவரை இகழ நமக்கு வாயில்லை.

கால் ஒருபுறமிருக்க, மூத்திரக்காய் கெட்டால் வாரத்தில் மூன்று நாள், நாளுக்கு நான்கு மணி நேரம் டயாலிசிஸ் இயந்திரத்தோடு கிடக்க வேண்டும். மலேசியாவில் புதிதாக டயாலிசிஸுக்கு வருகிறவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு நீரிழிவே காரணம். கடையைப் பார்க்கும் ஒருவர் அவ்வளவு நேரத்தை எங்கிருந்து எடுப்பார் என்பதைச் சகோதரர்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற திட்டத்தைத் தொடங்கினார்கள். ஊழியர் வீட்டுக்கே வந்து அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து, மாத்திரையும் தருகிறார். ஊரில் நம் தாய்மார்களுக்கு வாசலில் கிடைக்கும் இச்சௌகரியம், இங்கே நம் கடைச் சிப்பந்திகளுக்கு முதலாளி மனம் வைத்தால்தான் கிடைக்கும். அதற்குப் பெரிய செலவில்லை. சர்க்கரை பார்க்கும் சிறு கருவி ஒன்று, அழுத்தம் பார்க்கும் கருவி ஒன்று, கல்லா மேஜைக்குள் இருக்கட்டும். ஆள் பெயரெழுதிய ஒரு நோட்டும், கிளினிக்குத் தேதியன்று சம்பளம் பிடிக்காமல் விடும் அரைநாளும் போதும். சிப்பந்திகளின் கால்களை மாதம் ஒருமுறை வெளிச்சத்தில் பார்க்கச் சொல்ல வேண்டும். முதலாளியும் தம் காலைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நோன்பு நோற்கும் சர்க்கரை நோயாளிகள் ரமலானுக்கு ஒன்றிரண்டு மாதம் முன்பே டாக்டரைப் பார்ப்பது அவசியம். காலை மருந்தை நோன்பு திறக்கும் நேரத்துக்கு மாற்றுவதா, சஹர் நேர மருந்தின் அளவைக் குறைப்பதா என்பதை அவரே தீர்மானிப்பார், நாமாக மாற்றலாகாது. விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பதால் நோன்பு முறியாது என்று உலமாக்கள் தெளிவுபடுத்தியிருக்கிறார்கள். அளவு 3.9க்குக் கீழே இறங்கினாலோ, நடுக்கமும் குளிர்ந்த வியர்வையும் கண்டாலோ, மஃரிபுக்கு இன்னும் அரைமணி நேரமே இருக்கிறது என்று காத்திராமல் உடனே நோன்பைத் திறந்துவிட வேண்டும்.