நிழல் செடிகளும் தக்காணத்துக் குளிரும்

நம் சங்கக் குடும்பங்கள் பலவற்றில், ஊரிலிருந்து கொண்டுவந்த வெற்றிலைக் கொடி ஒன்று தொட்டியில் இருக்கும். ஆவணியில் செழித்த கொடி மார்கழியில் இலை உதிர்த்ததும், "இந்த மண்ணுக்கு ஆகாது" என்று சிலர் பிடுங்கி எறிந்து விடுகிறார்கள். உண்மையில் குறை மண்ணில் இல்லை.

வெற்றிலை, மிளகின் இனத்தைச் சேர்ந்த கொடி. நிழலும் ஈரக்காற்றும் வேண்டுவது. சென்னை கடலோரம். ஐதராபாத்தோ கடல் மட்டத்துக்கு மேல் 500 மீட்டருக்கும் அதிக உயரத்தில், வறண்ட பீடபூமியில் உள்ளது. ஜனவரி இரவுகளில் அங்கே சுமார் 20 டிகிரி என்றால் இங்கே 15. சில நாட்கள் 10க்கும் கீழே இறங்கும். 1946 ஜனவரியில் 6.1 டிகிரி பதிவாகியுள்ளது.

இதற்கு வழியைத் தமிழ்நாட்டுக் கொடிக்கால்களிலேயே காணலாம். அங்கே வெற்றிலையைத் தனியாக வளர்ப்பதில்லை. முதலில் அகத்தியை விதைத்து, அது வளர்ந்தபின் கொடியை அதன்மேல் ஏற்றுவார்கள். அகத்தி கொழுகொம்பாக நின்று நிழல் தரும். அதன் வேர் முடிச்சுகள் மண்ணில் தழைச்சத்தையும் சேர்க்கும். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற தூத்துக்குடி மாவட்டத்து ஆத்தூர் வெற்றிலையும் கொடிக்காலில் விளைவதுதான்.

அடுக்குமாடியில் அகத்திக்கு இடமில்லை. ஆகவே எங்கள் கிழக்குப் பால்கனியில் வெற்றிலையைச் சுற்றி மஞ்சள், இஞ்சி, கற்பூரவல்லித் தொட்டிகளை நெருக்கி வைத்திருக்கிறேன். செடிகள் கூடி நின்றால் அவற்றிடையே ஈரம் தங்கும்.

குளிர்காலத்தில் நான் கடைப்பிடிப்பவை:

1. மாலையில் நீர் ஊற்றுவதில்லை. காலையில், மேல்மண் காய்ந்த பிறகே கொஞ்சமாக ஊற்றுகிறேன். தேங்கும் நீர் வேரை அழுகச் செய்யும்.

2. தொட்டிகளைச் சுவரோரம் நகர்த்தி, சில்லிட்ட தரையில் படாதபடி பலகை மேல் வைக்கிறேன்.

3. மண்ணின்மேல் சருகு பரப்புகிறேன்.

4. கடுங்குளிர் இரவுகளில் பழைய வேட்டியால் மூடி, விடிந்ததும் எடுத்து விடுகிறேன்.

5. கார்த்திகை முதல் தை வரை உரமிடுவதில்லை. இளந்தளிர்தான் குளிரில் முதலில் கருகும்.

மஞ்சள் இலை காய்வதைக் கண்டு மட்டும் அஞ்ச வேண்டாம். எட்டு, ஒன்பது மாதங்களில் கிழங்கு முற்றியதன் அடையாளம் அது. வைகாசியில் ஊன்றினால், பொங்கல் பானையில் கட்ட மஞ்சள் கொத்து வீட்டிலேயே கிடைக்கும்.

இங்கே பிறந்த நம் பிள்ளைகள் வெற்றிலையைத் 'தமலபாகு' என்றே அறிந்திருக்கிறார்கள். அதில் தவறில்லை. ஆனால் கொடியை வளர்க்கும் பொறுப்பை அவர்களிடம் கொடுத்தால், கொடிக்கால், கொழுகொம்பு என்ற சொற்களும் அவர்களோடு வளரும். குளிரைத் தாண்டிய கொடியில், ஆடி மழையில் ஒரு துண்டு வெட்டி அடுத்த வீட்டுக்கும் கொடுங்கள்.