ஒற்றுமையின் பாரம் யார் தோளில்? டால்ஸ்டாய் பண்ணை தரும் பாடம்



நம் கிளைக் கூட்டங்களில் "ஒற்றுமையா இருக்கணும்" என்ற பேச்சு வராத நாளே இல்லை. முகாம் போட்டாலும், கோயில் திருவிழாவுக்குத் தொண்டு செய்யப் போனாலும் இதே பேச்சுதான். ஆனால் அந்த ஒற்றுமைக்கு என்ன செலவாகும், அதை யார் தலையில் கட்டுகிறோம் என்று நாம் அதிகம் யோசிப்பதில்லை.

நான் பொறியியல் மாணவன். ஒரு பாலம் நின்றால், அதன் பாரம் எந்தத் தூணில் இறங்குதுன்னு பார்ப்பது எங்கள் பாடம். பலர் சேர்ந்து வாழும் இடத்தையும் அதே கண்ணோடு பார்க்கலாம் என்று தோன்றியது. அதற்காக நான் எடுத்துக்கொண்டது, நூறு ஆண்டுகளுக்கு முன் தென்னாப்பிரிக்காவில் நம் தமிழர்களும் வாழ்ந்த டால்ஸ்டாய் பண்ணை.

1. பண்ணை ஏன் உருவானது?

டிரான்ஸ்வாலில் இந்தியர்களுக்கு எதிரான சட்டங்களை எதிர்த்து 1906இல் காந்தியின் தலைமையில் போராட்டம் தொடங்கியது. சிறைக்குப் போனவர்களில் தமிழர்கள் மிக அதிகம். குடும்பத் தலைவர் சிறையில் இருந்தால் வீட்டில் அடுப்பு எப்படி எரியும்? ஒவ்வொரு குடும்பத்துக்கும் மாதாமாதம் பணம் கொடுத்துப் பார்த்தார்கள். ஐந்து பேர் உள்ள வீட்டுக்கும் தனி ஆளுக்கும் ஒரே தொகை கொடுக்க முடியாது. தேவைக்கேற்ப கொடுத்தால், கூச்சப்படாமல் கேட்பவருக்கு அதிகமும் நேர்மையானவருக்குக் குறைவும் போய்ச் சேரும். கையிருப்பும் கரைந்துகொண்டே வந்தது.

எல்லாரும் ஒரே இடத்தில் சேர்ந்து வாழ்ந்தால் சமாளிக்கலாம் என்ற யோசனை அப்போதுதான் வந்தது. காந்தியின் நண்பர், ஜெர்மானிய யூதரான கட்டடக் கலைஞர் ஹெர்மன் காலன்பாக், 1910இல் 1,100 ஏக்கர் பண்ணை ஒன்றை வாங்கி, வாடகை இல்லாமல் கொடுத்தார். ஜொகானஸ்பர்க்கிலிருந்து 21 மைல். ஏறக்குறைய ஆயிரம் பழமரங்கள், இரண்டு கிணறுகள், ஓர் ஊற்று. தொடக்கத்தில் சுமார் 40 இளைஞர்கள், இரண்டு மூன்று முதியவர்கள், 5 பெண்கள், 20 முதல் 30 பிள்ளைகள். தமிழர், குஜராத்தியர், தெலுங்கர், வட இந்தியர். மதத்தால் இந்து, முஸ்லிம், பார்சி, கிறிஸ்துவர். யாரும் ஒருவரை ஒருவர் தேர்ந்தெடுத்து வரவில்லை. அதனால்தான் இது நல்ல பாடம். நம் விடுதி அறையும் அப்படித்தானே?

2. ஒரே அடுப்பு

முதல் சிக்கல் சாப்பாடு. காந்தியும் காலன்பாக்கும் பண்ணையில் இறைச்சி வேண்டாம் என்று விரும்பினார்கள். ஆனால் அங்கே வந்த சிலர் சிறு வயதிலிருந்தே இறைச்சி சாப்பிட்டுப் பழகிய கிறிஸ்துவர்கள், முஸ்லிம்கள். கணவர் சிறையில் இருக்கும் பெண்ணிடம், "நாங்க சொல்றதைத்தான் சாப்பிடணும்" என்று சொல்லலாமா?

அவர்கள் மாட்டிறைச்சியே கேட்டாலும் கொடுத்தாக வேண்டும் என்று காந்தி தனக்குள் முடிவு செய்தார். அதற்குப் பிறகே அந்தப் பெண்களிடம் போய்ப் பேசினார். அவர்கள் சைவ சமையலுக்குச் சம்மதித்தார்கள். ஒரே அடுப்பு, ஒரே பந்தி என்று ஆனது.

பல பேர் இந்தக் கதையைச் சொல்லும்போது "எல்லாரும் சைவமானார்கள்" என்பதோடு நிறுத்திவிடுவார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வரிசை. மறுத்தாலும் தருவேன் என்று முதலில் முடிவு, அப்புறம்தான் கேள்வி. "இல்லை" என்று சொல்ல இடம் இருந்தால்தான் "சரி" என்ற சொல்லுக்கு மதிப்பு. அப்போதும் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. போக வேறு இடமில்லாத பெண், தலைவர் வந்து கேட்கும்போது மனம் விட்டு மறுப்பாளா? கேட்டுவிட்டோம் என்பதாலேயே கடமை முடிந்துவிடாது.

3. விதி தலைவருக்கும்தான்

பண்ணையில் வேலைக்காரர் கிடையாது. சாப்பிட்ட தட்டை அவரவர் கழுவ வேண்டும். பொதுப் பாத்திரங்களைக் குழுக்கள் முறை வைத்துத் துலக்கின. கழிவுகளைப் பள்ளம் தோண்டிப் புதைத்தார்கள். கோதுமையைக் கையால் அரைத்தார்கள். செருப்புத் தைக்கும் தொழிலைக் காலன்பாக் வெளியே போய்க் கற்று வந்து மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்.

நகரத்துக்குப் போக ஒரு விதி இருந்தது. பொது வேலை என்றால் ரயில், அதுவும் மூன்றாம் வகுப்பு. சொந்த ஆசைக்குப் போனால் நடைதான், கையில் கட்டுச் சோறு. 21 மைல் என்பது ஏறத்தாழ கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் வரை நடப்பது மாதிரி. இரவு இரண்டு மணிக்கே எழுந்து கிளம்புவார்கள். மிக வேகமாக நடந்தவர் எடுத்துக்கொண்டது 4 மணி 18 நிமிடம். காந்தியும் நடந்தார். அதனால் இளைஞர்களுக்கு அது தண்டனையாகத் தெரியவில்லை.

பள்ளியிலும் இதே முறை. ஆசிரியர் செய்யாத வேலையைப் பிள்ளைகளிடம் சொல்லக் கூடாது. காந்தி போப் எழுதிய நூலைப் பார்த்துத் தமிழ் கற்றவர். அங்கே பிறந்த தமிழ்ப் பிள்ளைகளுக்கு எழுத்துத் தெரியாது, ஆனால் பேச்சில் அவரை மிஞ்சினார்கள். அவர் எழுத்துச் சொல்லிக்கொடுத்தார். ஆங்கிலம் தெரியாத தமிழர்கள் அவரைப் பார்க்க வந்தால் பிள்ளைகள் மொழிபெயர்த்தார்கள்.

4. நோன்பு மாதம்

ரமலான் வந்தது. பண்ணையில் முஸ்லிம் பிள்ளைகள் நான்கைந்து பேர்தான். அவர்கள் நோன்பு இருக்க காந்தி ஊக்கம் கொடுத்தார். துணையாக மற்ற பிள்ளைகளும் விரதம் இருந்தார்கள். இந்துப் பிள்ளைகள் சூரியன் மறையும்வரை காத்திருக்கத் தேவையில்லை. ஆகவே முதலிலேயே சாப்பிட்டு முடித்து, நோன்பு துறக்கும் நண்பர்களுக்குப் பலகாரம் செய்து பரிமாறினார்கள்.

சிறுபான்மையாக இருப்பது எப்படி என்பது மலேசிய இந்துக்களான நமக்கு நன்றாகவே தெரியும். பெரும்பான்மை கொஞ்சம் வளைந்து கொடுத்தால் எவ்வளவு ஆறுதல் என்பதும் தெரியும். நாம் பெரும்பான்மையாக இருக்கும் இடத்தில், அதாவது நம் கிளையில், நம் முகாமில், அதைச் செய்கிறோமா?

5. பாரம் தவறான தோளில் இறங்கிய இடம்

ஒருமுறை ஒரு பையன் இரண்டு பெண் பிள்ளைகளைக் கேலி செய்தான். காந்தி இரவெல்லாம் தூங்கவில்லை. பையன்களைக் கண்டித்தார். அதோடு நிற்காமல், அந்தப் பெண் பிள்ளைகளின் நீண்ட கூந்தலை வெட்டிவிடலாம் என்றார். முதலில் அவர்கள் மறுத்தார்கள். எடுத்துச் சொல்லிச் சம்மதிக்க வைத்து, தன் கையாலேயே வெட்டினார். இதை அவரே எழுதி வைத்திருக்கிறார். பிறகு கேலிப் பேச்சே எழவில்லை என்றும் சொல்கிறார்.

அமைதி திரும்பியது உண்மைதான். ஆனால் யார் தப்பு செய்தது, யார் இழந்தது? சாப்பாட்டு விஷயத்தில் மறுப்புக்கு இடம் வைத்தவர், இங்கே மறுப்பைக் கரைத்துவிட்டார். பெரியவர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அத்தனை கவனமாக இருந்தவருக்கே இப்படி நடக்கும் என்றால் நாம் எத்தனை மடங்கு விழிப்பாக இருக்க வேண்டும்! கிளையில் ஒரு தங்கை புகார் சொன்னால், "நீ அந்தப் பக்கம் போகாதே, இப்படி உடுத்தாதே" என்று அவளிடமே ஆரம்பிக்கிறோம். சத்தம் அடங்கிவிடும். அதை ஒற்றுமை என்று எண்ணிவிடக் கூடாது.

6. நமக்கு என்ன?

பண்ணை மூன்று ஆண்டுகூட முழுமையாக நீடிக்கவில்லை. 1913 தொடக்கத்தில் எஞ்சியவர்கள் ஃபீனிக்ஸ் குடியிருப்புக்குப் போனார்கள். ஆனால் அந்த இடம் இருந்ததால்தான் பல குடும்பங்கள் பட்டினி இல்லாமல் போராட்டத்தைத் தாங்கின.

எங்கள் வாடகை வீட்டில் ஆறு மாணவர்கள். சண்டை கொள்கையில் வந்ததே இல்லை. சட்டி கழுவுவதில்தான் வரும். முறை எழுதி ஒட்டியும் பலிக்கவில்லை. முறையை எழுதியவரே முதல் வாரம் கழுவத் தொடங்கியதும்தான் மற்றவர்கள் கை வைத்தார்கள். முகாமிலும் பாருங்க: மேடையில் அண்ணன்மார் தொண்டைப் பற்றிப் பேசும்போது, பின்னால் அண்டாவோடு மல்லுக்கட்டுவது பெரும்பாலும் அக்காமார்தான்.

எனவே ஒரு விதி போடுமுன் மூன்று கேள்வி கேட்போம். இதைச் சுமப்பவரிடம் கேட்டோமா? அவர் மறுக்க வழி இருக்கிறதா? நாமும் அதைச் சுமக்கிறோமா?

கிளையில் கலந்து பேச

1. நம் கிளையில் எல்லாரும் ஒத்துக்கொண்டதாக நினைக்கும் ஒரு விதியைச் சொல்லுங்கள். உண்மையில் யாரைக் கேட்டோம்?
2. சென்ற முகாமில் பாத்திரம் கழுவியவர்கள் யார் யார்? பெயர்ப் பட்டியல் போட்டுப் பாருங்கள்.
3. கூந்தல் சம்பவத்தில் நீங்கள் பொறுப்பாளராக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? இதற்குத் தங்கைகள் முதலில் பேசட்டும்.