சிவப்பு நீலமாகும் முன்

லண்டனில் நானோ ஆய்வகம் எதிலாவது நேர்முகத்துக்குப் போகிறீர்களா? திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, ஆல்பமார்ல் தெரு 21ஆம் எண், ராயல் இன்ஸ்டிடியூஷனுக்கு ஒரு நடை போய் வாருங்கள். மைக்கேல் ஃபாரடே தயாரித்த தங்கக் கூழ்மம் அங்கே இன்னும் சிவப்பாகவே இருக்கிறது. உப்புச் சேர்த்தால் அந்தச் சிவப்பு நீலமாகும் என்று 1857லேயே அவர் எழுதிவிட்டார். துகள்கள் எல்லாவற்றிலும் எதிர்மின்னூட்டம் இருப்பதால் ஒன்றையொன்று தள்ளி நிற்கின்றன. உப்பு அந்தத் தள்ளலை மட்டுப்படுத்தியதும் ஒட்டிக்கொள்கின்றன.

உங்களுக்கு வாய்க்கப்போகும் வேலை, பெரும்பாலும் அந்த மைனஸைப் பிளஸாக்குவது. கண்ணாடி, டிஎன்ஏ, செல்லின் மேற்புறம் எல்லாமே மைனஸ். இவற்றோடு எதையாவது ஒட்டவைக்க பாலிலைசின், பாலிஎத்திலீன்இமின், கைட்டோசான் போன்ற பிளஸ் சரக்கு வேண்டும்.

என் முதல் மாதத்துக் கூத்தைக் கேளுங்கள். தங்கத் துகள் கரைசலில் பாலிஎத்திலீன்இமினைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். நிதானமாகச் செய்கிறேன் என்று நினைப்பு வேறு! ஐந்தாவது சொட்டில் நாவற்பழ நிறம். பத்தாவதில் சாம்பல். மைனஸிலிருந்து பிளஸுக்குப் போகும் வழியில் பூஜ்யம் இருக்கிறது. அங்கே தள்ளிவிட ஆளில்லை, எல்லாம் கட்டிதட்டிவிடும். இந்த இடத்தில் நிதானம் ஆகாது. பாலிமரைத் தாராளமாக எடுத்து, வேகமாகக் கலக்கிக்கொண்டே துகளை அதில் ஊற்ற வேண்டும். பிறகு சென்ட்ரிபியூஜில் சுற்றி இரண்டு மூன்று முறை கழுவுங்கள். ஒட்டாமல் மிஞ்சிய பாலிமர் செல்லைக் கொல்லும். பழி துகளின் மேல் விழும்.

"பூச்சு ஏறிவிட்டது என்று எப்படிச் சொல்கிறீர்கள்?" என்று நிச்சயம் கேட்பார்கள். துகளின் மேற்புற மின்னூட்டத்தைக் காட்டும் ஜீட்டா பொட்டென்ஷியலைப் பூச்சுக்கு முன், பின் என்று இரண்டு எண்ணாகச் சொல்லுங்கள். எந்தத் திரவத்தில், எந்த பிஎச்சில் அளந்தது என்பதும் கூடவே வரட்டும். 30 மில்லிவோல்ட்டைத் தாண்டினால் துகள் பிரிந்து நிற்கும் என்பது கைக்கணக்கு, சட்டமல்ல. பிபிஎஸ் தாங்கலில் அளந்துவிட்டு எண் சின்னதாக இருக்கிறதே என்று கலங்க வேண்டாம், அதிலுள்ள உப்பு மின்னூட்டத்தை மறைக்கும். கைட்டோசான் என்றால் இன்னொரு கேள்வியும் வரும். நம்மூர் இறால் ஓட்டிலிருந்தும் எடுக்கும் பொருள்தான். ஆனால் அமிலத்தில்தான் அதற்கு வீரம். ரத்தத்தின் பிஎச் 7.4இல் அதன் பிளஸ் பெரும்பாலும் போய்விடும். இதை நீங்களே முந்திச் சொன்னால் எதிரே இருப்பவர் பேனாவை எடுப்பார்.

வேலை கிடைத்ததும் முதலில் 'காஷ்' படிவம். 2002ஆம் ஆண்டின் அபாயப் பொருள் கட்டுப்பாட்டு விதிகளின்படி, எதைத் தொடுகிறீர்கள், அது என்ன செய்யும், சிந்தினால் என்ன வழி என்று எழுத வேண்டும். பக்கத்து மேசைக்காரர் எழுதியதைக் காப்பி அடிக்காதீர்கள், கண்டுபிடித்துவிடுவார்கள்.

பிளஸ் சரக்கில் இன்னொன்று சீடேப் (CTAB). ஜனவரித் திங்கட்கிழமை காலை அதன் கரைசல் பாட்டிலில் வெள்ளைப் படிகம் நிற்கும். கெட்டுப்போகவில்லை, 25 டிகிரிக்குக் கீழே அது அப்படித்தான். 30 டிகிரி வெந்நீர்த் தொட்டியில் வையுங்கள், தெளிந்துவிடும். வீணாகிப்போனதையும் சிங்கில் ஊற்றக்கூடாது. மீனுக்கு விஷம் அது. கழிவுக் கேனில் ஊற்றி, தேதியோடு லேபிள் ஒட்டுங்கள்.