பொன்னும் வெண்மையும்

வெள்ளைத் தாளின்மேல் நகையை வைத்துப் படம் எடுத்தால் பின்னணி வெள்ளையாகத்தானே விழவேண்டும்? நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். அந்த எண்ணம் பொய்த்த ஓர் இரவில் கற்ற பாடத்தை மாணவ நண்பர்களுக்குச் சொல்ல விழைகிறேன்.

தில்லி கரோல் பாக்கிலுள்ள எங்கள் வீட்டில் பாட்டியின் கெம்புக்கல் அட்டிகை ஒன்று இருந்தது. தங்கையின் திருமணத்திற்காக அதை உருக்கிச் சங்கிலி செய்வதென்று முடிவாயிற்று. மறுநாள் காலை பத்தரிடம் கொடுக்கவேண்டும். “படத்திலாவது இருக்கட்டுமடா” என்றார் அம்மா.

முதற்படம் ஏமாற்றம் தந்தது. தாள் சாம்பல் நிறமாக இருந்தது. பொன்னில் என் நீலச் சட்டை தெரிந்தது. இதற்குக் காரணங்கள் இரண்டு. காமிராவின் ஒளிமானி, எதிரே உள்ள காட்சியைச் சராசரிச் சாம்பல் என்று கொண்டே அளக்கிறது. வெண்மை மிகுந்திருந்தால் ஒளியைக் குறைத்துவிடுகிறது. மெருகேறிய பொன்னோ ஒரு கண்ணாடி. சுற்றியுள்ளவை அனைத்தையும் அது காட்டிவிடும்.

ஆகவே வேலையை இரண்டாகப் பிரித்தேன்: பின்னணிக்கு ஒரு விளக்கு, நகைக்கு ஒரு விளக்கு. இரு புத்தக அடுக்குகளின்மேல் கண்ணாடிப் பலகையை வைத்து, அதன்மேல் டிரேசிங் தாளை விரித்தேன். ஒரு விளக்கைப் பலகையின் கீழே வைத்தேன். நகையைச் சுற்றி டிரேசிங் தாளாலேயே கூடாரம் அமைத்து, மற்றொரு விளக்கின் ஒளியை அதன் வழியே வரச்செய்தேன். முக்காலியில் நிறுத்திய காமிரா, மேலேயிருந்த துளையின் வழியே பார்த்தது. விளக்குகள் ஒரே நிறத்தனவாக இருத்தல் வேண்டும். 3000 கெல்வின் மஞ்சளும் 6500 கெல்வின் வெள்ளையும் கலந்தால், ஒன்றைச் சரிசெய்ய மற்றொன்று கெடும்.

இனி அளவு. காமிராவின் தானியங்கி முறையை நிறுத்திவிட்டு, அடிவிளக்கு இல்லாமலே நகைக்கு ஏற்ற ஒளியளவை முதலில் முடிவு செய்தேன். பிறகு அடிவிளக்கை ஏற்றி, பின்னணி 255 என்னும் வெண்மையின் எல்லையைத் தொடும்வரை சிறிது சிறிதாக அருகே நகர்த்தினேன். சிறு விளக்கின் தொலைவு பாதியானால் ஒளி ஏறத்தாழ நான்கு மடங்காகும். ஆதலால் விரலளவு நகர்த்தலும் பெரிது. எல்லையை மிகவும் கடந்தால், வெள்ளொளி நகையின் ஓரத்தைத் தின்றுவிடும்.

பின்னணி வெளுத்தது. ஆனால் எங்கும் வெண்மையே சூழ்ந்ததால் பொன் தன் வடிவத்தை இழந்து தட்டையாயிற்று. படத்தில் விழாதபடி இரு பக்கமும் கறுப்புத் தாள்துண்டுகளை நிறுத்தினேன். அவற்றின் நிழலுரு பொன்னில் கோடாக விழ, ஓரங்கள் தெளிந்தன. கெம்புக் கற்களின் பின்புறம் பொன்னால் மூடியிருந்ததால், கீழிருந்து வந்த ஒளி அவற்றினுள் புகவில்லை. கூடாரத்தில் ஒரு சிறு கீறல் இட்டு, மேல்விளக்கின் நேரொளியைச் சிறிதளவு விட்டேன். கற்கள் சிவந்து விழித்தன.

அம்மா அந்தப் படத்தை நெடுநேரம் பார்த்தார். கொக்கியருகே பொன் தேய்ந்திருந்த இடமும் அதில் தெரிந்தது. பாட்டியின் விரல் பட்டுப் பட்டுத் தேய்ந்த இடம் அது.

மறுநாள் அட்டிகையைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டோம். உங்கள் வீட்டிலும் உருக்கப்போகும் பழைய நகை ஏதேனும் இருக்கலாம். என்னைப்போல் கடைசி இரவுவரை காத்திராமல், இந்த வாரமே இரண்டு விளக்குகளை எடுத்துவைத்துப் பழகிப் பாருங்கள்.