உரப் பாக்கெட்டில் மூன்று எண்கள்

கேள்வி: மாடியில் கள்ளிச் செடிகளும் சதைப்பற்றுச் செடிகளும் வளர்க்கிறேன். உரக்கடையில் 19:19:19, 13:0:45, 0:52:34 என்று அடுக்குகிறார்கள். இந்த எண்கள் எங்கிருந்து வந்தன? என் செடிகளுக்கு எதை வாங்கட்டும்?
- வாசகி, மதுரை

பதில்: தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து ஆகியவை அந்த உரத்தில் எத்தனை சதவீதம் என்பதைத்தான் இந்த எண்கள் வரிசையாகச் சொல்கின்றன. கணக்கு முறை 19ஆம் நூற்றாண்டினுடையது. செடியை எரித்து, சாம்பலில் என்ன மிஞ்சுகிறது என்று பகுத்துப் பார்த்த வேதியியலாளர்கள், மணிச்சத்தான பாஸ்பரஸையும் சாம்பல் சத்தான பொட்டாசியத்தையும் ஆக்சிஜனோடு சேர்ந்த நிலையில் எழுதிவைத்தார்கள். அந்த வழக்கம் இன்றுவரை மாறவில்லை. அதனால் ஒரு கிலோ 19:19:19இல் தழைச்சத்து 190 கிராம் இருந்தாலும், பாஸ்பரஸ் ஏறக்குறைய 83 கிராம்தான், பொட்டாசியம் 158 கிராம்தான்.

செடிகள் மண்ணிலிருந்து எடுத்துக்கொள்வது தாது உப்புகளைத்தான் என்று 1840இல் ஜெர்மானியரான லீபிக் அழுத்தமாக வாதிட்டார். தழைச்சத்து மட்டும் காற்றிலிருந்தே போதுமான அளவு கிடைத்துவிடும் என்று அவர் நம்பினார். இங்கிலாந்தில் லாஸும் கில்பர்ட்டும் 1843இல் ரோதம்ஸ்டெட் பண்ணையில் தொடங்கிய வயல் சோதனைகள் அதை மறுத்தன. கோதுமைக்குத் தழைச்சத்தையும் போட்டாக வேண்டியிருந்தது.

அதைத் தேடி ஐரோப்பா முதலில் பெரு நாட்டுத் தீவுகளில் குவிந்துகிடந்த கடற்பறவை எச்சத்துக்குப் போனது. பிறகு அட்டகாமா பாலைவனத்துக்குப் போனது. மழையே பெய்யாத அந்த மண்ணில் நைட்ரேட் உப்பு கரைந்து ஓடாமல் பாளம் பாளமாகக் கிடந்தது. அதன்மேல் யாருக்கு உரிமை என்ற தகராறு முற்றி, 1879இல் சிலி ஒரு பக்கமும் பெருவும் பொலிவியாவும் மறுபக்கமுமாகப் போரில் இறங்கின. 1913இல் ஜெர்மனியின் ஓப்பாவில் காற்றிலிருந்தே அம்மோனியா தயாரிக்கும் ஆலை ஓடத் தொடங்கிய பிறகுதான் அந்தச் சுரங்கங்களின் செல்வாக்கு படிப்படியாகச் சரிந்தது.

இதில் கள்ளி வளர்ப்பவர்கள் மனத்தில் வைக்க வேண்டிய ஒன்று உண்டு. அதே அட்டகாமாவின் கடலோரத்தில், மூடுபனியின் ஈரத்தை நம்பிக் கோப்பியாபோவா என்ற கள்ளி இனம் வாழ்கிறது. பாலை மண் என்றால் சத்தில்லாத மண் என்று நாம் முடிவுகட்டிவிடுகிறோம். அங்கே குறைவாக இருப்பவை தண்ணீரும் மட்கும்தான். தாது உப்புகள் அடித்துச் செல்லப்படாமல் நிலத்திலேயே தங்கிவிடுகின்றன. ‘கள்ளிக்கு உரமே வேண்டாம்’ என்ற பேச்சை அதனால்தான் நான் ஏற்பதில்லை. கழுவிய ஆற்று மணலையும் பெர்லைட்டையும் நிரப்பிய தொட்டியில், நாம் கொடுத்தால்தான் அதற்குச் சாப்பாடு.

தழைச்சத்து குறைவாகவும் சாம்பல் சத்து தூக்கலாகவும் இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். 13:0:45 இரண்டு பங்கும் 0:52:34 ஒரு பங்கும் கலந்தால் ஏறத்தாழ 9:17:41 கிடைக்கும். லிட்டருக்கு அரை கிராம் போதும். கையில் 19:19:19தான் இருக்கிறது என்றால் அதையும் அதே அளவில் கொடுக்கலாம், தவறில்லை. யூரியா மட்டும் வேண்டாம். தழைச்சத்து மிஞ்சினால் தண்டு நீர் கோத்து மெலிந்து நீளும், தோல் வெடிக்கும், மாவுப்பூச்சி வந்து அப்பும். போர் தண்ணீர் ஊற்றுகிறீர்கள் என்றால் பெரும்பாலும் சுண்ணாம்புச் சத்து தனியே தேவைப்படாது. நுண்ணூட்டக் கலவையை எப்போதாவது ஒரு சிட்டிகை சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: சாணம், அடுப்புச் சாம்பல், டீத்தூள் போடலாமா?

பதில்: பச்சைச் சாணம் கூடவே கூடாது, ஈரத்தைப் பிடித்துவைத்து வேரை அழுகவைக்கும். டீத்தூளும் அப்படித்தான். சாம்பல் மண்ணின் காரத்தன்மையை ஏற்றும். நம் ஊர்களில் பல இடங்களில் தண்ணீரே அந்த வேலையைச் செய்துவிடுகிறது. நன்றாக மட்கிய மண்புழு உரம் கலவையில் பத்தில் ஒரு பங்கு இருக்கலாம்.

கேள்வி: இந்தச் செடிகள் இரவில்தான் காற்றை உள்ளே இழுக்கும் என்கிறார்களே, அதை முதலில் கவனித்தவர் யார்? உரத்தையும் இரவில்தான் ஊற்ற வேண்டுமா?

பதில்: முன்னோடிகளில் ஒருவர் நம் பக்கத்தில் இருந்தவர். தரங்கம்பாடிக்கு மிஷனரியாக வந்து, பின்பு கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைத் தாவரவியலாளராக ஆன பெஞ்சமின் ஹெய்ன். ரணகள்ளி இலையை மென்று பார்த்தார். காலையில் புளித்தது, நண்பகலில் சுவையற்றுப் போனது, மாலையில் லேசாகக் கசந்தது. 1815இல் லண்டன் லின்னேயன் சங்கத்தின் வெளியீட்டில் இது அச்சானது. இலைத்துளைகள் இரவில் திறந்து கரிவளியை வாங்கி அமிலமாகச் சேமிக்கின்றன. பகலில் துளைகளை மூடிக்கொண்டு அந்த அமிலத்தைச் செலவழிக்கின்றன என்பது பிற்பாடு புரிந்தது. தண்ணீரை மிச்சப்படுத்தும் இந்த வழியில் வளர்ச்சி மெதுவாகத்தான் நடக்கும். உர அளவை நான் இவ்வளவு குறைத்துச் சொல்வதும் அதனால்தான்.

உரமோ வேர் வழியாகப் போவது. காலையோ மாலையோ, தொட்டி சூடேறாத நேரமாகப் பார்த்து ஊற்றுங்கள். மண் காய்ந்திருந்தால் முதலில் வெறும் தண்ணீர். செடியின் உச்சியைக் குனிந்து பாருங்கள்: நடுவில் பழைய முட்களைவிடப் பளிச்சென்ற நிறத்தில் புது முள் தெரிந்தால் வளர்கிறது, மாதம் ஒருமுறை கொடுக்கலாம். புது முள் இல்லையென்றால் நிறுத்திவிடுங்கள். தொட்டி விளிம்பில் வெள்ளையாக உப்புப் படிந்தால், அடித்துளை வழியாக ஓடும்வரை நல்ல தண்ணீர் விட்டு அலசுங்கள். மழைநீர் பிடித்துவைத்திருந்தால் அதுவே சிறந்தது.