கடிவாளமும் கடிகாரமும்

குதிரைப் பந்தயத்தில் வெல்வது குதிரையா, அதன் மேல் அமர்ந்திருக்கும் ஜாக்கியா? இக்கேள்வி நீதிமன்றம் வரை சென்ற ஒன்றாகும். தமிழ்நாட்டில் குதிரைப் பந்தயத்தை ஒழிக்க 1974இல் இயற்றப்பட்ட சட்டம் பற்றிய வழக்கில், பந்தயத்தின் முடிவு வெறும் அதிர்ஷ்டமன்று, குதிரையின் ஆற்றலையும் ஜாக்கியின் திறமையையும் சார்ந்தது என 1996இல் உச்சநீதிமன்றம் கூறியது. பணம் கட்டிக் குடும்பத்தைக் கெடுப்போருக்காக நான் பரிந்து பேச வரவில்லை. அந்தத் திறமை எதில் அடங்கியிருக்கிறது என்று ஓர் இயற்பியல் மாணவனாக ஆராய்வதே என் நோக்கம்.

1978 ஜூன் 10. நியூயார்க்கில் பெல்மான்ட் ஸ்டேக்ஸ் பந்தயம். தூரம் ஒன்றரை மைல். ஓடியவை ஐந்தே குதிரைகள். அஃபர்ம்டு மீது 18 வயதே ஆன ஸ்டீவ் காத்தன்; ஆலிடார் மீது வெலாஸ்குவெஸ். அவ்வாண்டின் முந்தைய இரு பெரும் பந்தயங்களிலும் அஃபர்ம்டுதான் வென்றது. ஆனால் ஆலிடார் நெருங்கிக்கொண்டே வந்தது: முதலில் ஒன்றரைக் குதிரை நீள இடைவெளி, அடுத்ததில் ஒரு கழுத்து மட்டுமே. பெல்மான்ட் அவை இரண்டையும்விட நீண்ட பந்தயம். தூரம் கூடினால் யாருக்குச் சாதகம் என்று சொல்லவும் வேண்டுமோ?

காத்தன் முன்னால் சென்று, பின் வேகத்தைக் கட்டினார். முதல் கால் மைலுக்கு 25 விநாடி, அடுத்ததற்கும் 25. இத்தகைய பந்தயத்துக்கு இது மிக மெதுவான ஓட்டம். மூச்சில் வரும் ஆக்சிஜன் போதாத வேகத்தில் தசைகள் உழைத்தால் குதிரை விரைவில் சோர்ந்துவிடும். அந்தச் சக்தியை அவர் கடைசிக்குச் சேமித்தார். மேடு ஏறுமுன் வண்டிமாட்டை மெல்ல நடக்கவிடும் என் தந்தைக்கு இது புதிய செய்தியாக இராது. அவர் பள்ளிக்கூடம் போனவர் அல்லர்.

வெலாஸ்குவெஸும் சும்மா இருக்கவில்லை. அரை மைல் கடந்ததும் ஆலிடாரை வெளிப்பக்கமாக அருகே கொண்டு வந்துவிட்டார். இங்கே ஒரு சிறு கணக்கு. அரைவட்ட வளைவில் ஒரு மீட்டர் வெளியே ஓடும் குதிரை, வளைவின் ஆரம் எதுவாயினும், 3.14 மீட்டர் அதிகம் ஓட வேண்டும். ஒரு குதிரையின் நீளத்தைவிட இது அதிகம்! வளைவில் உள்பக்கம் இருந்தது அஃபர்ம்டு.

இறுதி நேர்பாதையில் ஆலிடார் சற்றே முந்தியது. அது வலப்பக்கம் ஒட்டி ஓடியதால் காத்தன் வலக்கையால் சாட்டையை வீச இடமில்லை. உடனே இடக்கைக்கு மாற்றினார். அக்குதிரையை அதற்குமுன் அவர் இடக்கையால் அடித்ததே இல்லை. ஒரு தலை நீளத்தில் அஃபர்ம்டு வென்றது. நேரம் 2 நிமிடம் 26.8 விநாடி. கடைசி அரை மைலுக்கு 49.4 விநாடி, அதாவது முதல் அரை மைலைவிடக் குறைவு!

ஜாக்கி அமரும் முறையும் கவனிக்கத்தக்கது. அங்கவடியைக் குட்டையாக்கிக் குனிந்து நிற்கும் முறை பரவிய 1900ஐ ஒட்டிய ஆண்டுகளில் பந்தய நேரங்கள் 5 முதல் 7 விழுக்காடு குறைந்தன. ஜாக்கியின் கால்கள் வில்சுருள்போல் இயங்குவதால், ஒவ்வொரு பாய்ச்சலிலும் அவர் உடலை மேலும் கீழும், முன்னும் பின்னும் அசைக்கும் வேலை குதிரைக்குக் குறைகிறது என 2009இல் வெளிவந்த ஓர் ஆய்வு விளக்கியது.

அப்படியானால் மெதுவாகத் தொடங்குவதுதான் விதியா? அதுவும் இல்லை. 1973இல் இதே பெல்மான்ட்டில் செக்ரடேரியட் முதல் அரை மைலை 46.2 விநாடியில் கடந்தது. பார்த்தவர்கள் குதிரை தளர்ந்துவிடும் என்றே அஞ்சினர். ஜாக்கி ரான் டர்க்காட் கடிவாளத்தை இழுத்துப் பிடிக்கவில்லை. தன் அடியில் இருக்கும் குதிரை சிரமமின்றி ஓடுவதை அவரால் உணர முடிந்தது. 31 குதிரை நீள இடைவெளியில், 2 நிமிடம் 24 விநாடியில் அது வென்றது. அதனோடு ஈடுகொடுத்து ஓடப் பார்த்த ஷாம் கடைசியாக வந்தது.