குக்கர் ஏன் விசிலடிக்கிறது?

1. திறந்த பாத்திரத்தில் எவ்வளவு தீ வைத்தாலும் தண்ணீர் 100 டிகிரி செல்சியஸைத் தாண்டாது, ஆவியாகத்தான் போகும். குக்கருக்குள் ஆவி அடைபட்டு அழுத்தம் ஏறுவதால் கொதிநிலை சுமார் 120 டிகிரிக்கு உயர்கிறது. பருப்பு சீக்கிரம் குழைவது இதனால்தான். மலை மேலே இருக்கும் ஊட்டியில் தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அங்கே குக்கர் இல்லாத சமையல் பெரும்பாடு.

2. முதல் விசில் வந்ததும் அடுப்பை சிம்மில் வையுங்கள். விசில் என்பது தேவைக்கு மேல் சேர்ந்த ஆவி வெளியேறும் சத்தம், அவ்வளவே. உள்ளே அழுத்தம் ஏறி நிலைத்துவிட்டால் பெருந்தீயிலும் சிறுதீயிலும் சூடு ஒன்றுதான்; மிச்சமாவது கேஸ். ஆகவே விசிலை எண்ணாமல் நிமிடத்தை எண்ணுவதே சரி.

3. பருப்பு வேகாமல் படுத்துகிறதா? கடையைத் திட்டுமுன் தண்ணீரைப் பாருங்கள். போர் தண்ணீரில் உள்ள கால்சியமும் மெக்னீசியமும் பருப்பின் செல்களை ஒட்டவைத்திருக்கும் பெக்டினை இறுக்கிவிடும். புளிப்பும் அது கரையாமல் தடுக்கும். குடிதண்ணீரில் வேகவையுங்கள், புளி, தக்காளியைப் பருப்பு வெந்தபின் சேருங்கள்.

4. பருப்பு நுரைத்துப் பொங்கும். குக்கரில் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள். ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டால் நுரை அடங்கும். மூடுமுன் மூடியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, வெயிட் மாட்டும் குழாயில் ஓட்டை தெரிகிறதா என்று பாருங்கள். ஒரு பருப்புத் தோல் ஒட்டிக்கொண்டாலே ஆவியின் வழி அடைபடும்.

5. மூடியின் ஓரத்தில் ஆவி கசிந்து, தண்ணீர் சொட்டினால் கேஸ்கெட் தளர்ந்துவிட்டது. ஃப்ரீசரில் வைத்து எடுக்கும் வித்தை தற்காலிகம்தான். புதிது வாங்கிவிடுங்கள்.

6. உள்பாத்திரம் வைத்துச் சமைக்கையில் அலுமினிய குக்கரின் அடி கறுக்கிறதா? அடித்தண்ணீரில் எலுமிச்சைத் தோலோ புளித்துண்டோ போடுங்கள்.

7. 1679இல் டெனி பாப்பன் உருவாக்கிய ஆவிப் பாத்திரம்தான் குக்கருக்கு முன்னோடி. சேஃப்டி வால்வு வைக்கும் யோசனையும் அவருடையதே. நம் குக்கர்கள் பலவற்றில் உள்ள வால்வில் குறைந்த சூட்டிலேயே உருகும் உலோகக் கலவை இருக்கும். தண்ணீர் வற்றிச் சூடு எகிறினால் அது உருகி ஆவியை வெளியே விடும். போன வால்வுக்குப் பதில் அதே கம்பெனி வால்வையே மாட்டுங்கள். வேறெதையும் வைத்து அடைக்காதீர்கள்.

8. அவசரத்துக்குக் கரண்டியால் வெயிட்டைத் தூக்க வேண்டாம். அழுத்தம் சட்டென்று இறங்கினால் 120 டிகிரித் தண்ணீர் ஒரே வீச்சில் கொதித்துப் பீறிடும், கை வெந்துவிடும். அழுத்தம் தானாக இறங்கும்வரை காத்திருங்கள்.